பதிவேட்டில் உள்ளபடி பெயர்

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பத்தில் இடம் போதாமல் போனதால் பிறந்தது. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுவது நல்லது.

பல்கலைக்கழக விண்ணப்பங்களின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். 'விண்ணப்பதாரர் கூற விரும்பும் பிற விவரங்கள்.' ஐந்நூறு எழுத்துக்கு மேல் போனால் கணினி வாங்கிக்கொள்ளாது. ஐந்நூறு சொல் என்று நினைத்து நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போய்விட்டேன். பிறகு உட்கார்ந்து வெட்டினேன். வெட்டிப் போட்டதெல்லாம் ஒரு கோப்பில் கிடந்தது. ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தால், அனுப்பியதைவிட மிச்சம் கிடந்ததில்தான் விஷயம் இருந்தது. அதைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.

நான் ஜெபராணி. கம்பத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் அளவு படம், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ கதை எழுதுவேன். எப்போதாவது அச்சில் வரும். என் வீட்டுக்காரர் ஞானசிகாமணி தேனி பஜாரில் மிளகாய் வத்தல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். என் கதைகளையும் எடை போட்டுத்தான் பார்ப்பார். "ராணி, இது அரைக் கிலோகூடத் தேறாது" என்பார். இதன் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, கதை எங்கே என்று கேட்டார். வரும், பொறுங்கள் என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

முதல் தொடக்கம்: மேற்கு மலையின் மேல் மஞ்சள் வெயில் இறங்கிக்கொண்டிருந்த அந்த—

வேண்டாம். இந்தப் பக்கத்தில் யார் கதை எழுதினாலும் முதல் வரியில் மலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிறகு அதை எழுப்பி அனுப்புவதற்கு ஒரு பக்கம் ஆகிறது.

இரண்டாவது தொடக்கம்: கயல் பிளஸ் டூவில் அறுநூறுக்கு ஐந்நூற்று எழுபத்தொன்று எடுத்தாள்.

இது பரவாயில்லை. இதிலிருந்து போகலாம்.

2

கயல் காமயகவுண்டன்பட்டிப் பெண். கே.கே.பட்டி என்றால்தான் பஸ்காரருக்கே தெரியும். அப்பா சுருளிராஜன், திராட்சைத் தோட்டங்களில் கொடிக்குக் கவாத்து வெட்டப் போகிறவர். அம்மா ஜோதிலட்சுமி, தினமும் காலை ஐந்தரைக்கு ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்குள் போய், ஏலத் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் ஐந்து மணிக்கு இறங்குகிறவள். கயல் அவர்களுக்கு ஒரே பிள்ளை. கடல் உயிரியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் இதுவரை கடலைப் பார்த்ததில்லை.

(மீன் பேரையே ஒரு பெண்ணுக்கு வைத்து, மீன் படிப்புக்கும் அனுப்புகிறாயே, ஒட்டவைத்தது மாதிரி இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. புள்ளியியல் என்று மாற்றி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். அந்தப் பத்தியில் கயல் வாயையே திறக்கவில்லை. சரி, அவள் ஆசைப்பட்டது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.)

அவள் பத்தாவது படிக்கும்போதே என் கடைக்கு வந்து, கணினியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னாள். அதன் பேரைச் சொல்லமாட்டேன். தேடினாலும் கிடைக்காது, மலைக்கு அந்தப் பக்கம், கேரளக் கடலோரத்தில் இந்தக் கதைக்காக நானே கட்டியது. அங்கே ஐந்து வருடப் படிப்பு. பிற மாநிலத்து மாணவர்கள் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் எடுத்தால் தகுதி உதவித்தொகை: கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு, எல்லாம் இலவசம். கயல் அந்த ஒரு வரியை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு வருடம் அது அவர்கள் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தது.

மார்ச்சில் விண்ணப்பம் போட்டேன். 'பிற மாநிலம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தது என் கை. மே மாதம் மதிப்பெண் வந்ததும், தொண்ணூற்றைந்து விழுக்காடு, இனிமேல் ஒரு கவலையும் இல்லை, பெட்டியைக் கட்டச் சொல்லு ஆத்தா என்று சொன்னதும் என் வாய்தான். சுருளிராஜன் ஒரு பை நிறையப் பன்னீர் திராட்சை கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நாலு நாள் கழித்து அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தேன். விதி மாறியிருந்தது.

3

புதிய விதியை அப்படியே எழுதினால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். எனக்கே நாலு தடவை படித்த பிறகுதான் விளங்கியது. சுருக்கம் இதுதான். பிற மாநில மாணவர்களுக்கு இந்த வருடத்திலிருந்து பாதிதான் தள்ளுபடி. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஒன்றும் கிடையாது. முழுத் தள்ளுபடி அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்.

பாதி என்றாலும் அந்த வீட்டால் முடியாது. ஐந்து வருடம். நான் கணக்குப் போட்டுக் காட்டப் போவதில்லை. கயலே போட்டுப் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "பரவால்ல ஆன்ட்டி, தேனியில வேதியியல் கெடைக்கும்" என்றாள். அவள் என்னைக் குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டேன். பிள்ளையிடம் உறுதியாகச் சொன்னது நான். வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. எழுதுகிறவள் என்பதால் அந்தப் பல்கலைக்கழகத்தை மனசுக்குள் ஒரு பத்தியில் இடித்துத் தள்ளினேன். மறுநாள் காலையில் விதியை ஐந்தாவது தடவை படித்தேன். அடியில் பொடி எழுத்தில் ஒன்று இருந்தது: பெற்றோரோ பாதுகாவலரோ அந்த மாநிலத்தில் தொடர்ந்து ஐந்து வருடம் வேலை பார்த்திருந்தால், பிள்ளையும் அந்த மாநிலத்தவராகவே கருதப்படும். இதற்குத் தனியாக இன்னொரு விண்ணப்பம், கூடவே வேலை கொடுத்தவரின் சான்று வேண்டும். அது கிடைக்காவிட்டால், உடன் வேலை பார்க்கும் பத்துப் பேர் கையெழுத்திட்ட உறுதிமொழி.

ஜோதிலட்சுமி பதினொரு வருடமாக அந்த மாநிலத்தில்தான் வேலை பார்க்கிறாள்.*

* கே.கே.பட்டியிலிருந்து பார்த்தால் கேரளா, தேனியைவிடப் பக்கம். ஜோதிலட்சுமி தேனிக்குப் போனது மொத்தம் ஏழெட்டுத் தடவை இருக்கும்.

4

கதைக்குள் போவதற்கு முன்னால் சுருளிராஜனைப் பற்றி ஒரு சங்கடம் இருக்கிறது.

அவர் கதைக்கு ஒத்துழைக்க மறுக்கிறார். ஒரு ஏழைப் பெண்ணின் படிப்பைப் பற்றிய கதையில் அப்பாவுக்கு ஒரு வேலை வேண்டும். குடிக்கலாம், கடன் வாங்கலாம், பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கத்தலாம். இவர் ஒன்றும் செய்வதில்லை. வேலைக்குப் போகிறார், வருகிறார், மகள் படிக்கும்போது டிவி சத்தத்தைக் குறைத்து வைக்கிறார்.

[அடித்தது: சுருளிராஜன் அன்று தள்ளாடியபடி வீட்டுக்குள்]

இந்த இரண்டாவது விண்ணப்பத்தின் கடைசிக் கட்டத்திலும் இதே தப்பைச் செய்தேன். இரக்கம் வரட்டும் என்று, 'என் தந்தை நீண்ட நாளாக நோய்வாய்ப்பட்டிருக்கிறார்' என்று கயல் சொல்வதாக எழுதி வைத்தேன். கயல் படித்தாள்.

"எங்கப்பாவுக்கு ஒன்னும் இல்லையே ஆன்ட்டி."

"சும்மா ஒரு இதுக்கு எழுதுறதுதான்த்தா."

"அவுக படிச்சா மனசு சங்கடப்படுவாக. எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன். கதையிலிருந்தும் எடுத்துவிட்டேன். சுருளிராஜன் ஆரோக்கியமாக இருக்கிறார். அவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. திராட்சை கொடுத்ததோடு சரி.

5

ஞாயிற்றுக்கிழமை ஜோதிலட்சுமியும் கயலும் கடைக்கு வந்தார்கள். நான் பொடி எழுத்து விதியைப் பெரிதாக்கி பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன்.

"தோட்டத்து ஆபீஸ்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வா ஜோதி. பதினொரு வருஷமா இங்கன வேலை பாக்குறாகன்னு ரெண்டு வரி. அம்புட்டுத்தான்."

அவள் காகிதத்தைக் கையில் வாங்கவில்லை. மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அங்கன நான் ஜோதிலட்சுமி இல்லக்கா."

எனக்கு விளங்கவில்லை. கயலுக்கும் விளங்கவில்லை. பதினேழு வயது வரை அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அது தெரியாது.

ஏலத் தோட்டத்தில் தினமும் காலையில் பேர் வாசித்து வேலைக்கு எடுப்பார்கள். அந்தப் பேர் இருக்கும் பதிவேட்டைச் செக்ரோல் என்பார்கள். அதில் புதிதாக ஒரு பேர் ஏறுவது லேசில் நடக்காது. ஆபீஸ் ஒத்துக்கொள்ள வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே ஜீப்பில் வருகிற பெண்களுக்குள் ஒரு வழக்கம். ஒருத்தி முடியாமல் நின்றுவிட்டால், அவள் இடத்தில் ஏறுகிறவள் அவள் பேரிலேயே ஏறிக்கொள்வாள். பேர் வாசிக்கும்போது கை தூக்கினால் போதும்.

பதினொரு வருடத்துக்கு முன்னால், பக்கத்து வீட்டுச் சோணையம்மாளுக்கு முழங்கால் விட்டுப்போனது. ஒரு வாரத்துக்கு நீ போயிட்டு வா, கால் சரியானதும் நான் ஏறிக்கிறேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். கால் சரியாகவில்லை. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

"பேரு அவுகளோடது. அதனால ஓணத்துக்குக் குடுக்குற சேலைய வருஷா வருஷம் அவுக கையிலதான் குடுத்துருவேன்" என்றாள் ஜோதிலட்சுமி, தான் எதையும் திருடவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பது போல.

"யம்மா, ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கயல் கேட்டாள்.

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு. எல்லாரும் செய்யிறதுதான."

6

தோட்டத்தில் பேர் வாசிக்கிற சூப்பர்வைசர் பிரின்ஸ், போடிப் பக்கத்துக்காரர். இருபது வருடமாக மலையில் இருந்து பேச்சில் பாதி மலையாளம் ஏறிவிட்டது. ஜோதிலட்சுமி அவரிடம் கேட்டிருக்கிறாள். அடுத்த நாள் அவரே எனக்குப் போன் செய்தார்.

"சேச்சி, எனக்கு எல்லாம் அறியும். நானல்லே தினம் பேரு விளிக்கிறது. பட்சே ஆபீஸ்ல செக்ரோல் என்ன சொல்லுதோ அதுதான் லெட்டர். சோணையம்மாள் பேருக்குன்னா இன்னைக்கே அடிச்சுத் தரும். ஜோதிலட்சுமின்னு ஒரு ஆளே அங்கன இல்ல."

"பொம்பளைக பத்துப் பேரு எழுதிக் குடுத்தா?"

"யாராச்சும் என்னைய விளிச்சுக் கேட்டா, நான் பொய் சொல்லமாட்டேன். அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க."

அன்றைக்கே சோணையம்மாள் டவுன் பஸ் பிடித்து, கம்பை ஊன்றிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டாள். அறுபது வயதுக்கு மேல். பிள்ளை இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. ஜோதிலட்சுமியும் கயலும் பின்னாலேயே வந்தார்கள்.

"லெட்டரு எம் பேருக்குத்தான தருவாக? தரட்டும். பெற்றோரு இல்லன்னா பாதுகாவலருன்னு போட்டுருக்குல்ல. என்னையப் போடுங்க" என்றாள்.

"பாட்டி, அது பொய்யில்லையா?" என்றாள் கயல்.

"என்னத்தா பொய்யி? உங்காத்தா அஞ்சரைக்கு ஜீப்புல ஏறிருவா. உன்னைய எழுப்பி, தல சீவி, தூக்குவாளியில சோறு போட்டு ஸ்கூலுக்கு அனுப்புனது ஆரு? அவ எம் பேருல வேலைக்குப் போனா. நான் அவ இருக்க வேண்டிய எடத்துல இருந்தேன். இதுல பொய்யி எங்கன இருக்கு?"

இருபது ரூபாய் முத்திரைத் தாளில் ஒரு உறுதிமொழி, ஆபீஸ் கடிதம், வேலை முடிந்தது. காகிதத்திலும் ஓட்டை தெரியாது. கதாசிரியருக்கும் இதைவிட வசதியான ஒன்று கிடைக்காது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், கதையைத் தொடங்குவதற்கே முன்னால், மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. சோணையம்மாள் பாதுகாவலர். கயல் கடலோரம் போகிறாள். ஐந்து வருடம் ஒவ்வொரு படிவத்திலும், ஒவ்வொரு அடையாள அட்டையிலும் சோணையம்மாள் பேர். பட்டமளிப்பு விழாவுக்கு அழைப்பும் அவளுக்கே வருகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். (ஞானசிகாமணி: "இதையே வச்சுக்க. ஒன்னேகால் கிலோ நிக்கும்.")

முடிவு ஆ. கயல் தேனியில் வேதியியல் படிக்கிறாள். இதை எப்படியாவது சோகமாக்கிவிடப் பார்த்தேன். முடியவில்லை. தேனியில் படித்து நன்றாக வந்த பிள்ளைகள் எத்தனையோ பேரின் மார்க் ஷீட்டை நானே லேமினேட் செய்திருக்கிறேன். ஆனாலும் அலமாரிக் கதவிலிருந்து அந்தக் காகிதத்தை யார் கிழிப்பது என்று எழுத வரும்போது நிறுத்திவிட்டேன்.

முடிவு இ. கடைசி நிமிடத்தில் பல்கலைக்கழகம் தன் தவறை உணர்ந்து பழைய விதியையே—

சரி, போதும்.

அ-வைத்தான் மறுநாள் நான் ஜோதிலட்சுமியிடம் சொன்னேன். நல்ல வழி என்றேன். அவள் கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டாள். சோணையம்மாள் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை; இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, வேலைக்குத்தான் பேர விட்டேன்" என்றாள். "புள்ளைக்குமா விடணும்?"

7

விதியில் சொன்ன பத்துப் பேர் கையெழுத்து என்ற வழிதான் மிச்சம். கடைசித் தேதிக்கு முந்தின நாள், சாயங்காலம் ஐந்தேகாலுக்கு ஜீப் நேராக என் கடைச் சந்துக்கு வந்து நின்றது. ஜோதிலட்சுமியோடு சேர்த்துப் பதினான்கு பெண்கள் இறங்கினார்கள். விரல் நுனியெல்லாம் ஏலக்காய்க் கறை. கடையில் அத்தனை பேருக்கு நிற்க இடமில்லை. பாதிப் பேர் வெளியே நின்றார்கள். கயல் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தாள்.

படிவத்தில் மூன்று கட்டம்: பெயர், முகவரி, பதிவேட்டில் உள்ளபடி பெயர். மூன்றாவது கட்டம் எதற்கு என்று எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. முதல் இரண்டு பேருக்கு ஒரே பேரை இரண்டு தடவை எழுதினேன். மூன்றாவதாக வந்தவள் பாண்டீஸ்வரி.

"பதிவேட்டுல?"

"ராமுத்தாய்."

பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். "ராமுத்தாய் ஆரு?"

"என் நாத்தனா. திருப்பூரு போயி எட்டு வருஷமாச்சு. அவ பேருல நாந்தான் போறேன்."

விசாரிக்க விசாரிக்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பதின்மூன்று பேரில் ஐந்து பேர் வேறொருத்தி பேரில் ஏறினவர்கள். ஒருத்தி செத்துப்போன சின்னம்மா பேரில் ஆறு வருடமாகக் காய் எடுக்கிறாள். சொந்தப் பேரில் இருந்தது எட்டுப் பேர்தான். இன்னும் இரண்டு கையெழுத்து வேண்டும். போடுகிற இரண்டு பேரும் தாங்கள் யார் என்று காகிதத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். காகிதம் பல்கலைக்கழகத்துக்குப் போகும். அங்கிருந்து தோட்டத்துக்குப் போகாது என்று நான் உத்தரவாதம் தர முடியாது. மே மாதத்தில் ஒரு உத்தரவாதம் கொடுத்துப் பட்டது போதும்.

"எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக அக்கா. தப்பா நெனைக்காதீக" என்று ஒருத்தி வெளியே போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டாள். அவளை நான் தப்பாக நினைக்கவில்லை. நீங்களும் நினைக்க வேண்டாம்.

கயல் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "வேணாம் ஆன்ட்டி. இவுகளுக்கு வேலை போச்சுன்னா எனக்கு அங்கன சோறு எறங்காது. நான் தேனிக்கே போறேன்."

ஜோதிலட்சுமி கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

[இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன்: பாண்டீஸ்வரியின் கடந்த காலம், அவள் மனப்போராட்டம் என்று. அவளிடம் வாசித்துக் காட்டினேன். "இம்புட்டெல்லாம் நான் யோசிக்கலக்கா" என்றாள். எடுத்துவிட்டேன்.]

பாண்டீஸ்வரி கயலைத் தோளைப் பிடித்து நகர்த்தினாள். "தள்ளுத்தா. எட்டு வருஷமா ராமுத்தாய்னு கூப்புட்டாத்தான் திரும்பிப் பாக்குறேன். எம் புருசனே வெளையாட்டுக்கு அப்படித்தான் கூப்புடுறாரு. ஒரு காயிதத்துலயாச்சும் எம் பேரு இருக்கட்டும்." உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஒன்பது ஆயிற்று.

ஜீப்காரர் ஆரன் அடித்தார். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் சின்னம்மா பேரில் போகிறவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். அவள் தன் பேரைக் கதையில் போட வேண்டாம் என்றாள். படிவத்தில் போட்டுவிட்டாள், அது எனக்குப் போதும்.

8

கடைசி வரி 'பணியாளரின் கையொப்பம்.' அது ஜோதிலட்சுமி போட வேண்டியது.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, வேகமாகப் போட ஆரம்பித்தாள். சட்டென்று நின்றாள். எட்டிப் பார்த்தேன். 'சோ' என்று எழுதியிருந்தாள். வாரா வாரம் சம்பளத் தாளில் போட்டுப் போட்டுப் பழகிய கை, அது பாட்டுக்குப் போய்விட்டது.

"ஐயையோ, கெடுத்துப்புட்டேனேக்கா."

வேறு படிவம் எடுத்தால் பத்துப் பேரும் மறுபடி போட வேண்டும். ஜீப்பில் பாதிப் பேர் ஏறிவிட்டார்கள். "ஒயிட்னர் இருக்கு, அழிச்சிரலாம்" என்று மேசை டிராயரைத் திறந்தேன்.

ஜோதிலட்சுமி அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்தாள். பிறகு பேனாவால் ஒரு கோடு கிழித்து அதை அடித்தாள். பக்கத்திலேயே, மெதுவாக, ஜோதிலட்சுமி என்று முழுசாக எழுதினாள்.

"அழிக்க வேணாம்க்கா. அடிச்சது தெரியட்டும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு அதை ஸ்கேன் செய்து ஏற்றினேன். அடித்தல் தெளிவாகத் தெரிந்தது. கடைசிக் கட்டத்தில், நோயாளித் தகப்பனுக்குப் பதிலாக, நடந்ததை நானூற்றுத் தொண்ணூற்றெட்டு எழுத்தில் எழுதினேன். கயல் படித்துப் பார்த்துச் சரி என்றாள். அனுப்பினோம்.

9

பதில் வரவில்லை. ஜோதிலட்சுமி தினமும் ஜீப்பிலிருந்து இறங்கும்போது கடைக்குள் தலையை நீட்டி, "வந்துச்சாக்கா?" என்பாள். இல்லை என்பேன். அந்த நாட்களில்தான் வெட்டிப் போட்டதைத் திறந்து இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். சும்மா இருக்க முடியவில்லை.

ஒன்பதாவது நாள் மலையில் நல்ல மழை, ஜீப் போகவில்லை. பதினொரு மணிவாக்கில் அவள் வந்து உட்கார்ந்தாள். எழுதிய வரைக்கும் பிரிண்ட் எடுத்து அவள் கையில் கொடுத்தேன். விரலை வைத்துப் படித்தாள். சில இடத்தில் சிரித்தாள். சோணையம்மாள் வருகிற இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள்.

"அக்கா, இதுல நான் எங்கன?"

கதையில் எல்லோருக்கும் பேரை மாற்றுவது என் வழக்கம். நல்லெண்ணத்தில்தான். அவளுக்கும் நான் ஒரு நல்ல பேராகத்தான் பார்த்து வைத்திருந்தேன். அதைக் காட்டி, இதுதான் நீ என்றேன்.

"இங்கனயும் வேற பேருதானா" என்றாள்.

சண்டைக்குச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். கணினிப் பக்கம் திரும்பி, அந்தப் பேரை எடுத்துவிட்டு ஜோதிலட்சுமி என்று எல்லா இடத்திலும் மாற்றச் சொன்னேன். நீங்கள் இப்போது படிக்கிற கதையில் மற்ற எல்லாப் பேரும் நான் வைத்தது. அது ஒன்று மட்டும் அவளுடையது.

அப்போதுதான் கடைப் போன் அடித்தது.

ஒரு பெண் குரல், மலையாளத்தில், வேகமாக. பல்கலைக்கழகம் என்று விளங்கியது, கயல் என்று விளங்கியது. கையெழுத்தில் ஏதோ அடித்திருக்கிறது, கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்கிறார்கள் என்பது மாதிரி விளங்கியது. நான் "ஆங்... அதுவந்து..." என்று தடுமாறினேன். ஜோதிலட்சுமி எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அதெ," என்றாள். "ஞான் தன்னெயாணு ஒப்பிட்டது." ஆமாம், நானேதான் கையெழுத்துப் போட்டேன் என்று.

அந்தப் பக்கம் பேர் கேட்டார்கள் போல. சொன்னாள். விளங்கவில்லையோ என்னவோ, நிமிர்ந்து நின்று, நிறுத்தி, இன்னொரு தடவை சொன்னாள்.

"ஜோதிலட்சுமி. கயலிண்டெ அம்ம."

பிறகு போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேசினார்கள்.

என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். வைத்ததும் அவள் சொன்னாள். இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், பதில் நல்லதாக இருந்தால் அவள் செய்தது சரி என்பீர்கள், கெட்டதாக இருந்தால் அசட்டுத்தனம் என்பீர்கள். அந்தத் தீர்ப்புக்கு அவளை நிறுத்த எனக்கு மனசில்லை. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கயலைக் கடலுக்கு அனுப்பினாலும் சரி, தேனிக்கு அனுப்பினாலும் சரி, யாருக்கு வேலை போகிறது, போகவில்லை என்பதும் உங்கள் பாடு. தாயின் பெயர் என்று வருகிற இடத்தில் மட்டும் வேறு எதையும் எழுதிவிடாதீர்கள்.